அடுப்பில்லாத பழ இனிப்பு: வாழைப்பழ ஐஸ்கிரீமில் மீன் வாசம் வருகிறது, வழி சொல்லுங்கள்

உச்சிப்புளி மருமகள்

வணக்கம் மக்களே. பள்ளி விடுமுறை விட்டதிலிருந்து வீட்டில் தினமும் இதே கதைதான். பிள்ளைகள் இரண்டு பேரும் நாலு மணி ஆனால் கடைக்கு ஓடிப்போய் கலர் ஐஸ் வாங்கித் தின்று நாக்கைச் சிவப்பாக்கிக்கொண்டு வருகிறார்கள். மாமனாருக்குச் சர்க்கரை. அவர் எதுவும் கேட்க மாட்டார், ஆனால் பிள்ளைகள் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சரி, இந்த வெயிலில் அடுப்பு முன்னால் நிற்கவும் முடியாது, சர்க்கரை கொட்டவும் வேண்டாம், வெறும் பழத்திலேயே ஏதாவது செய்வோம் என்று இறங்கினேன்.

போனில் பார்த்ததுதான். பூவன் பழம் ஐந்து, தோலில் கறுப்புப் புள்ளி விழும்வரை கனியவிட்டு, உரித்து வில்லை வில்லையாக நறுக்கி, ராத்திரி பிரீசரில் வைத்தேன். காலையில் மிக்சியில் போட்டால் முதலில் ரவை மாதிரி உதிர்கிறது, அப்புறம் கொழுக்கட்டை மாவு மாதிரி உருண்டையாகச் சேர்கிறது, இது தேறாது என்று நினைக்கும்போது திடீரென்று வழுவழுவென்று ஐஸ்கிரீமாகவே மாறிவிட்டது. பாலும் இல்லை, கிரீமும் இல்லை. எனக்கு ஒரே பெருமை.

வாயில் வைத்தால் மீன். மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் வாங்கி அடைத்த விளைமீனும் இறாலும் அதே பிரீசரில்தான் இருக்கின்றன. சின்னவன் ஒரு கரண்டி தின்றுவிட்டு “அம்மா, இது நெத்திலி ஐஸ்கிரீமா?” என்று கேட்டான். பெரியவள் துப்பியே விட்டாள்.

இந்த வாசத்துக்கு என்ன செய்வது, அது முதல் கேள்வி. மாமனாருக்கு இதைக் கொடுக்கலாமா என்பது இரண்டாவது. வீடியோக்களில் வருகிற ஸ்ட்ராபெர்ரி, புளூபெர்ரி எல்லாம் இங்கே கிடைக்காது, கிடைத்தாலும் வாங்கும் விலையில் இல்லை. நம் பக்கத்துப் பழத்தில் என்ன செய்யலாம்?

பாம்பன் காற்று

நெத்திலி ஐஸ்கிரீம்! தம்பிக்கு என் வாழ்த்து.

அக்கா, பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தீர்களா? அதுதான் காரணமாக இருக்கும். மீன் வைத்து எடுத்த பிளாஸ்டிக்கை எத்தனை முறை கழுவினாலும் வாசம் அதிலேயே குடியிருக்கும். நல்ல மூடியுள்ள எவர்சில்வர் சம்படம் ஒன்றைப் பழத்துக்கென்றே ஒதுக்குங்கள், மீன் பக்கமே அது போகக்கூடாது. மீனை இரண்டு கவர் போட்டுக் கட்டுங்கள். அப்புறம் பிரீசரை ஒருநாள் முழுக்க அணைத்து, பனிக்கட்டியை எல்லாம் கரைத்து எடுங்கள், அந்தப் பனியிலேயே வாசம் ஊறியிருக்கும். அதன்பிறகு எலுமிச்சைச் சாறோ வினிகரோ கலந்த தண்ணீரில் துடையுங்கள். சோப்புக்குப் போகாத மீன் வாசம் புளிப்புக்குப் போகும். மீன் குழம்புக்குப் புளி விடுவதும், கையைக் கழுவிவிட்டு எலுமிச்சைத் தோலைத் தேய்ப்பதும் இதே சங்கதிதான். மீன் பழசாகப் பழசாக டிரைமெத்திலமைன் என்று ஒன்று உருவாகிறது. அது காரத்தன்மை உள்ளது, அதாவது அமிலத்துக்கு எதிரானது, அமிலம் பட்டால் உப்பாகிவிடும், காற்றில் கிளம்பி மூக்குக்கு வராது.

உச்சிப்புளி மருமகள்

பிளாஸ்டிக் டப்பாதான் தம்பி. பழைய ஐஸ்கிரீம் டப்பா. அதில் போன மாதம் என்ன வைத்திருந்தேன் என்று இப்போது நினைவு வருகிறது, சொல்ல மாட்டேன்.

கீழக்கரை லாத்தா

தேங்காய்ப்பால் ஊற்றி மணிக்கணக்கில் கை ஓயக் கிண்டி தொதல் செய்கிற ஊர்க்காரியிடம் அடுப்பில்லாத இனிப்பு கேட்கிறீர்கள் தங்கச்சி, என்ன சொல்ல. இருந்தாலும் நோன்பு காலத்தில் எங்கள் வீட்டில் தினமும் நடக்கிற ஒன்று இருக்கிறது. கடற்பாசி, அகர் அகர் என்பார்களே அது. பத்து கிராம் பாசியை ஊறவைத்து ஒரு லிட்டர் இளநீரில் கொதிக்கவிட்டுக் கரைப்போம். பாசி கரைய மட்டும் அடுப்பு வேண்டும், அது முழுக்கக் கொதி வந்தால்தான் கரையும். கரைந்ததும் இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபிறகு பச்சைப் பழத்தை நறுக்கிப் போட வேண்டும். ரொம்ப நேரம் விட்டால் உறைந்துவிடும், ஏனென்றால் பாசி உறைய பிரிட்ஜே வேண்டாம், நாற்பது டிகிரிக்குக் கீழே வந்தால் மேசை மேலேயே இறுகும். கரண்ட் போனால்கூட இனிப்பு கெட்டியாகவே நிற்கும். நம் ஊர்க் கரண்டுக்கு ஏற்ற இனிப்பு.

இன்னொன்று. அன்னாசியைப் பச்சையாக ஜெலட்டினில் போட்டால் உறையவே உறையாது, அதிலிருக்கிற நொதி ஜெலட்டினைத் தின்றுவிடும். ஜெலட்டின் புரதம் இல்லையா. பாசி புரதம் இல்லை, அதனால் அன்னாசி அதை ஒன்றும் செய்யாது. என் மகள் ஜெல்லி பாக்கெட் வாங்கி அன்னாசி போட்டு ராத்திரி முழுக்க எட்டி எட்டிப் பார்த்தாள், காலையிலும் தண்ணீராகவே கிடந்தது. அப்புறம்தான் இதைப் படித்தாள்.

பாம்பன் காற்று

லாத்தா சொல்கிற பாசிக்கு எங்கள் பக்கத்துப் பெண்கள்தான் கடலில் முங்குகிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி என்போம், அதில்தான் அகர் எடுப்பது. கண்ணாடி போட்டு, கையில் துணி சுற்றிக்கொண்டு, பாறையில் பிய்த்து இடுப்பில் கட்டிய பைக்குள் போடுவார்கள். என் சின்னம்மா இருபது வருஷம் போனது. கையைப் பார்த்தால் தெரியும், விரல் நுனியெல்லாம் கீறல். அதே பாசி வெள்ளை வெளேரென்று பாக்கெட்டில் கடைக்கு வரும்போது “இதுவா நான் எடுத்தது” என்று கேட்கும்.

பச்சையே மருந்து

மன்னிக்கவும், தலைப்பில் அடுப்பில்லாத என்று போட்டுவிட்டுக் கொதிக்கவைத்த பாசியைப் பேசுவது சரியில்லை. பச்சை உணவு என்றால் நாற்பது சொச்சம் டிகிரிக்கு மேல் சூடு காட்டாத உணவு. கடற்பாசி அதில் வராது, கருப்பட்டி வராது, நாட்டுச் சர்க்கரை வராது. எல்லாமே காய்ச்சியவை. ஊறவைத்த முந்திரியை அரைத்து, பேரீச்சம்பழம் சேர்த்து, மேலே பழம் அடுக்குங்கள். அதுதான் உண்மையான பச்சை இனிப்பு. நான் மூன்று வருடமாக அதைத்தான் செய்கிறேன்.

சாயல்குடி பனையடி

அண்ணே, முந்திரிக் கொட்டையின் தோட்டில் தோலைப் புண்ணாக்குகிற எண்ணெய் இருக்கிறது. ஆவியில் வேகவைத்தோ வறுத்தோதான் உடைப்பார்கள். கடையில் பச்சை முந்திரி என்று விற்பதும் சூடு கண்டதுதான். மூன்று வருடம் போனது போனதுதான்.

பச்சையே மருந்து

அது எனக்குத் தெரியும். குறைந்தபட்சத் தீங்கு என்று எடுத்துக்கொள்கிறேன்.

உச்சிப்புளி மருமகள்

சண்டை வேண்டாம். நான் விரதம் எதுவும் எடுக்கவில்லை. பழம் பச்சையாக இருந்தால் போதும், நான் வேகாமல் இருந்தால் போதும்.

திருப்புல்லாணிக்காரன்

எல்லாரும் ஏதோ வெளிநாட்டிலிருந்து வந்த புதுச் சங்கதி போலப் பேசுகிறீர்கள். பழனிப் பஞ்சாமிர்தம் என்ன? வாழைப்பழத்தைக் கையால் பிசைந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல், பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலக்காய் போடுவது. பழத்தை வேகவைப்பதே இல்லை. 2019இல் புவிசார் குறியீடு கூட வாங்கியாகிவிட்டது.

வார்டு நைட் டூட்டி

பஞ்சாமிர்தம் பச்சைதான், ஆனால் அது அத்தனை நாள் கெடாமல் இருப்பதே அதில் கொட்டுகிற சர்க்கரையால்தான். அந்த அக்கா கேட்டது மாமனாருக்குக் கொடுக்கலாமா என்று. அதற்கு யாருமே பதில் சொல்லவில்லை, மீனைப் பற்றியும் முந்திரியைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் நர்ஸ், சர்க்கரை நோயாளிகளைத் தினமும் பார்க்கிறேன். சர்க்கரை போடாமல் செய்தது வேறு, சர்க்கரை இல்லாதது வேறு. இது இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் பாதிப் பேர் வந்து படுக்கிறார்கள். நூறு கிராம் வாழைப்பழத்தில் மாவுச்சத்து எல்லாம் சேர்த்துச் சுமார் இருபத்துமூன்று கிராம், கறுப்புப் புள்ளி விழுந்த பழத்தில் அதில் பெரும்பகுதி சர்க்கரையாகவே மாறியிருக்கும். ஐந்து பழத்தை அரைத்தால் கிண்ணத்தில் கொஞ்சமாகத்தான் தெரியும், முழுப் பழமாக இருந்தால் ஒன்றோடு நிறுத்துகிறவர் கரண்டியில் இரண்டைச் சாப்பிட்டுவிடுவார். பேரீச்சம்பழத்தில் நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல் சர்க்கரை. கருப்பட்டி நல்லது நல்லது என்று டம்ளர் டம்ளராகக் காப்பி குடித்துவிட்டு வருகிறார்கள், அதுவும் பெரும்பாலும் அதே சுக்ரோஸ்தான், வாசனையும் கொஞ்சம் தாதுவும் கூடுதல், அவ்வளவே. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது, சேர்க்கிற சர்க்கரை, தேன், பழச்சாறு எல்லாவற்றிலும் இருந்து வருவது மொத்த உணவுச் சக்தியில் பத்து சதவீதத்துக்குள், முடிந்தால் ஐந்துக்குள். ஐந்து என்றால் ஒரு நாளைக்குச் சுமார் இருபத்தைந்து கிராம், ஆறு டீஸ்பூன். இது நோய் இல்லாதவருக்கு.

அதனால் கொடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. சின்னக் கிண்ணத்தில், சோறு சாப்பிட்ட கையோடு இல்லாமல், வேறு எதையாவது குறைத்துவிட்டு அதற்குப் பதிலாகக் கொடுங்கள். வீட்டில் சர்க்கரை பார்க்கிற மிஷின் இருந்தால் இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை பார்த்துவிடுங்கள், எந்தப் பழம் அவருக்கு எவ்வளவு ஏற்றுகிறது என்று தெரிந்துவிடும். மாத்திரையா ஊசியா என்பதைப் பொறுத்து அவருடைய டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். கொய்யா இருந்தால் வாழையை விட அதுவே மேல்.

இன்னொன்று, இது எல்லாருக்கும். மீன் நறுக்குகிற அரிவாள்மனையில் பழம் நறுக்காதீர்கள். வேகவைக்கிற பொருளுக்கு அடுப்பு காப்பாற்றும், பச்சைப் பழத்தை யார் காப்பாற்றுவது? மீனுக்கு உடைத்துப் போடுகிற ஐஸ் கட்டையைப் பழ ஜூசில் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் நாக்கில் தடவுவதும் வேண்டவே வேண்டாம்.

உச்சிப்புளி மருமகள்

நன்றி சிஸ்டர். அரிவாள்மனை விஷயத்தைப் படித்ததும் எழுந்து போய் ஒன்றைத் தனியாக எடுத்து மேலே மாட்டினேன். எங்கள் வீட்டில் ஒரே அரிவாள்மனைதான் எல்லாவற்றுக்கும், இப்போது கத்தி ஒன்று பழத்துக்கென்று.

நேற்று இன்னொரு கூத்து. வாழை வேண்டாம் என்று பப்பாளிக்குப் போனேன். நன்றாகப் பழுத்த பப்பாளியைப் பிசைந்து, கட்டித் தயிரில் கலந்து, எவர்சில்வர் சம்படத்தில் (பாம்பன் தம்பி கவனிக்கவும்) ராத்திரி பிரிட்ஜில் வைத்தேன். வைக்கும்போது ருசி பார்த்தேன், அருமை. காலையில் வேப்பங்கொழுந்து மாதிரிக் கசந்தது. தயிர் கெடவில்லை, மோருக்கு ஊற்றின மிச்சத் தயிர் நன்றாகவே இருக்கிறது.

கீழக்கரை லாத்தா

அன்னாசி ஜெலட்டினுக்குச் செய்ததைப் பப்பாளி தயிருக்குச் செய்திருக்கிறது தங்கச்சி. கறி வேகப் பப்பாளிக்காய் போடுவோமே, அதே குணம் பழத்திலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். பால் புரதத்தை உடைக்க உடைக்கக் கசப்பு ஏறும். தயிரோடு வேண்டுமென்றால் கலந்த கையோடு சாப்பிட்டுவிடுங்கள், வைத்திருந்தால் கசக்கும். தேங்காய்ப்பாலில் செய்து பாருங்கள்.

சாயல்குடி பனையடி

இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், சித்திரை வைகாசியில் ராமநாதபுரம் ஜில்லாவில் உட்கார்ந்துகொண்டு ஒருவர்கூட நுங்கு என்று சொல்லவில்லை. ரோட்டோரம் குலை குலையாகத் தொங்குகிறது. வாழைப்பழத்தைப் பிரீசரில் வைத்து மிக்சியில் போட்டு எடுக்கிற வழுவழுப்பைக் கடவுள் ஓட்டுக்குள்ளேயே வைத்து அனுப்பியிருக்கிறார்.

நான் செய்கிற விதம் சொல்கிறேன். காய் வாங்கும்போது சீவித் தரச் சொல்லி கட்டைவிரலால் கண்ணை அழுத்திப் பாருங்கள். உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும், தண்ணீர்ப் பை மாதிரி. விரல் போகவில்லை என்றால் முற்றல், வேண்டாம், அது வயிற்றுவலிக்குத்தான் ஆகும். ஒரு காயில் மூன்று சுளை வரும், சிலதில் இரண்டு. நாலு பேருக்குப் பன்னிரண்டு சுளை போதும். தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு வைத்தால் மேல்தோல் நகத்துக்கு வழுக்கிக்கொண்டு வரும். எங்கள் அப்பத்தா தோலோடுதான் தின்னச் சொல்லும், வேர்க்குருவுக்கு நல்லது என்று, ஆனால் இந்த இனிப்புக்குத் தோல் வேண்டாம், துவர்ப்பு தேங்காய்ப்பாலோடு சேராது. உரித்ததைக் கிண்ணத்துக்கு மேலே பிடித்துக் கிள்ளுங்கள், உள்ளே இருக்கிற தண்ணீர் கீழே போய்விடக்கூடாது, இனிப்பில் பாதி அதில்தான் இருக்கிறது. மிக்சி வேண்டாம், கையாலேயே பிய்த்துப் போடுங்கள். மிக்சியில் போட்டால் தண்ணீராகிவிடும்.

தேங்காய் அரைமூடி துருவி, காய்ச்சி ஆறிய தண்ணீர் அரை டம்ளர் விட்டு அரைத்துக் கெட்டிப்பால் மட்டும். ஒரு ஏலக்காய். உப்பு இரண்டு விரலில் ஒட்டுகிற அளவு. உப்பைத் தவறவிடாதீர்கள். அவ்வளவுதான், கருப்பட்டி பிள்ளைகள் கிண்ணத்துக்கு மட்டும் மேலே சீவிப் போடுங்கள், பச்சை அண்ணன் மன்னிக்கவும். இதில் ஒரே நிபந்தனை, கலந்த ஒரு மணி நேரத்துக்குள் தின்றுவிட வேண்டும். பச்சைத் தேங்காய்ப்பால் நம் வெயிலுக்கு நிற்காது. ராத்திரிக்கு என்று எடுத்து வைத்தால் புளிக்கும். பிரீசரில் வைக்கலாமா என்று கேட்காதீர்கள், நுங்கு உறைந்து உருகினால் ரப்பர்.

பச்சையே மருந்து

கருப்பட்டி இல்லாமல் செய்தால் இது முழுப் பச்சை. நல்ல பதிவு.

பாம்பன் காற்று

அண்ணே, பாராட்டினீர்களா! தேதியைக் குறித்து வைக்கிறேன்.

உச்சிப்புளி மருமகள்

செய்தாயிற்று. வீட்டுக்காரர் தடைக்காலத்தில் சும்மாதான் இருக்கிறார், அவரை அனுப்பி நுங்கு வாங்கிவரச் சொன்னேன். இருபது காய் வாங்கிவந்தார், அழுத்திப் பார்க்கச் சொன்னதை மறந்துவிட்டார், ஆறு காய் கல்லு. தோல் உரிக்கிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தேன், உரித்ததில் பாதியை உரித்த இடத்திலேயே தின்றுவிட்டார்கள், கிண்ணத்துக்கு வந்தது ஒன்பது சுளை. அதுவும் சரிதான்.

உப்பு விஷயத்தில் பனையடி அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. உப்பு போடாமல் ஒரு கரண்டி, போட்டபிறகு ஒரு கரண்டி சாப்பிட்டுப் பார்த்தேன், முதலாவது வெறும் வழவழ, இரண்டாவதில்தான் தேங்காயே தெரிந்தது. வாசம் எதுவும் இல்லை. சம்படத்துக்கு வேலையே வரவில்லை.

மாமனாருக்குச் சின்னக் கிண்ணம், கருப்பட்டி இல்லாமல். மெதுவாகத் தின்றார். தின்று முடித்துவிட்டு, அவர் சின்ன வயதில் பதநீர்ப் பட்டையில் நுங்கைப் பிய்த்துப் போட்டுக் குடிப்பார்களாம், அதைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. இரண்டு மணி நேரம் கழித்து மிஷினில் பார்த்தேன், வழக்கமாக சாயங்காலம் இருப்பதுதான் இருந்தது. சிஸ்டருக்காக இதைச் சொல்கிறேன்.

பெரியவளுக்கு மட்டும் வாழைப்பழ ஐஸ்கிரீம் ஏக்கம் போகவில்லை. பிரீசரை அணைத்துத் துடைத்துவிட்டேன், மிச்ச மீனும் தீர்ந்துவிட்டது, அதனால் இந்த வாரம் அதையும் போட்டேன், வாசமே இல்லை. ஆனால் மிக்சி பாதியில் நின்றுபோய் பயந்துவிட்டேன், அப்புறம் அடியில் சிவப்பு பட்டனை அழுத்தியதும் ஓடியது. உறைந்த பழத்தை எடுத்த உடனே போடாமல் ஐந்து நிமிடம் வெளியே வைத்து, விட்டு விட்டு ஓட்ட வேண்டும் போல.

ஜூன் பதினைந்துக்கு மேல் போட் கிளம்பினால் பிரீசர் மறுபடியும் மீன் கைக்குப் போய்விடும். அதற்குள் எத்தனை முடியுமோ அத்தனை.

வார்டு நைட் டூட்டி

மிஷின் பார்த்தது நல்லது அக்கா. ஒருநாள் அளவை வைத்து முடிவுக்கு வராமல் இன்னும் இரண்டு மூன்று முறை பாருங்கள். மாமாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கீழக்கரை லாத்தா

அந்த ஆறு கல்லு நுங்கை எறிந்துவிடாதீர்கள் தங்கச்சி, பிள்ளைகளிடம் கொடுத்தால் குச்சி செருகி வண்டி செய்து ஓட்டுவார்கள்.

பாம்பன் காற்று

அக்கா, போட் கிளம்பினதும் சம்படத்தில் மறக்காமல் பேப்பர் ஒட்டி எழுதுங்கள். எங்கள் வீட்டில் போன வருடம் மச்சான் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஐஸ்கிரீம் என்று நினைத்து இருட்டிலேயே சம்படத்தைத் திறந்து கரண்டியை விட்டார். கழுவி வைத்த கணவாய்.